பனிப்போரின் சொற்கள்: கேட்டவர், எழுதியவர், வாசித்தவர்

துரோணரைப் போர்க்களத்தில் வீழ்த்தியது ஒரு செய்தி. அசுவத்தாமன் இறந்தான் என்று பீமன் உரக்கக் கூவியபோது துரோணர் நம்பவில்லை. தருமனிடம் கேட்டார். தருமன் பொய் சொல்லமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். இறந்தது யானை என்ற சொல்லைத் தருமன் வாய்க்குள் முணுமுணுத்தான். துரோணர் வில்லைக் கீழே வைத்தார். அதுவரை நிலத்தைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தருமனின் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம்.

உளவியல் போர் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கையேடுகளின் சாரம் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது எனலாம். பொய்க்குத் தன்னளவில் வலிமை கிடையாது. சொல்பவர் அதற்குமுன் சேர்த்துவைத்த உண்மையின் கையிருப்பிலிருந்துதான் அது வலிமை பெறுகிறது. அந்தக் கையிருப்பை ஒருமுறை செலவழித்துவிட்டால் மறுபடி சேர்ப்பது கடினம். ஆனால் பாரதக் கதைக்கும் நவீன காலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தருமன் களத்திலேயே நின்றான். அவனுடைய தேரே இறங்கியது. இருபதாம் நூற்றாண்டில் சொல்லை ஆயுதமாக்கியவர்கள் களத்திலிருந்து நெடுந்தொலைவில் அமர்ந்திருந்தார்கள். விலை கொடுத்தவர்கள் வேறு சிலர். அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த பனிப்போரில் அப்படி விலை கொடுத்த மூவரைப் பற்றியது இக்கட்டுரை: ஒரு வானொலியைக் கேட்டவர்கள், ஒரு நாவலை எழுதியவர், ஓர் இதழை வாசித்தவர்கள்.

மறைந்திருக்கும் கை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே இரு வல்லரசுகளும் ஒன்றைப் புரிந்துகொண்டன. அணுகுண்டு இருக்கும்வரை நேரடிப் போர் இருவருக்கும் அழிவு. ஆகவே போர் மனங்களுக்குள் நடந்தாக வேண்டும். 1948 ஜூன் 18 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழு பிறப்பித்த ஓர் ஆணை, மறைமுக நடவடிக்கைகளுக்கு இலக்கணம் வகுத்தது. அவற்றின் பின்னால் அரசு இருப்பது வெளியே தெரியக்கூடாது. தெரிந்துபோனாலும், தனக்குத் தொடர்பில்லை என்று அரசு நம்பத்தகுந்த முறையில் மறுக்க வழி இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த பலவற்றுக்கும் வேர் இந்த ஆணையில் இருக்கிறது.

இத்துறையினர் பிரச்சாரத்தை மூன்று நிறங்களாகப் பிரிப்பதுண்டு. சொல்பவர் யார் என்று வெளிப்படையாகத் தெரிந்தால் வெள்ளை. சொல்பவர் யார் என்பது மங்கலாக இருந்தால் சாம்பல். எதிரியே சொன்னதுபோலவோ வேறொருவர் சொன்னதுபோலவோ வேடமிட்டு வந்தால் கறுப்பு. சொல்லப்படும் விஷயம் உண்மையா பொய்யா என்பது இந்தப் பகுப்பில் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி எல்லாம் பேசுபவரின் முகம் தெரிகிறதா என்பது மட்டுமே. பின்னர் 1965இல், அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிக் கல்வித்துறைக்கு வந்த எட்மண்ட் கலியன் என்பவர் 'மக்கள் ராஜதந்திரம்' என்று பொருள்படும் தொடரை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரச்சாரம் என்ற சொல் கறைபட்டுப் போயிருந்ததால் ஒரு கௌரவமான பெயர் தேவைப்பட்டது. அரசுகள் அயல்நாட்டு அரசுகளோடு பேசுவது ராஜதந்திரம். அயல்நாட்டு மக்களோடு பேசுவது மக்கள் ராஜதந்திரம்.

சோவியத் தரப்பு இதில் முந்திக்கொண்டது என்றே சொல்லவேண்டும். சமாதானம் என்ற சொல்லை அது தன் கொடியாக ஆக்கிக்கொண்டது. 1949 மார்ச்சில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் உலக சமாதானத்துக்கான பண்பாட்டு மாநாடு ஒன்று நடந்தது. அதற்கு ஸ்டாலின் அனுப்பிய குழுவில் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய இசை மக்கள் விரோதமானது என்று சொந்த நாட்டில் கண்டிக்கப்பட்டிருந்தது. புலம்பெயர்ந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கலஸ் நபக்கோவ் எழுந்து, ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்களின் இசையைச் சோவியத் பத்திரிகைகள் தாக்குவதை நீங்கள் ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றார் ஷோஸ்டகோவிச். வேறு பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும். ஒரு தரப்பு தன் கலைஞனைப் பொம்மையாக மேடையேற்றியது. மறு தரப்பு அந்தப் பொம்மையின் கயிற்றைச் சபை நடுவே இழுத்துக் காட்டியது. நடுவில் அவமானப்பட்டவர் அந்த மனிதர் மட்டும்தான்.

கேட்டவர்கள்: புடாபெஸ்ட், 1956

சுதந்திர ஐரோப்பா வானொலி 1950 ஜூலை 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவை நோக்கி முதல் ஒலிபரப்பைத் தொடங்கியது. தலைமையிடம் மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம். செக், போலிஷ், ஹங்கேரியம் எனக் கிழக்கு ஐரோப்பிய மொழிகளில் பேசியவர்கள் அந்தந்த நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்கள். அமெரிக்க மக்களிடம் நாடு முழுவதும் நன்கொடை திரட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு கொடுத்தார்கள். தங்கள் நன்கொடையில்தான் அந்த வானொலி நடக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் பெரும்பகுதிப் பணம் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது. 1971 வரை இந்நிலை நீடித்தது. ஆக, இந்த நாடகத்தில் முதலில் ஏமாற்றப்பட்டவர்கள் அமெரிக்கர்களே.

வானொலியோடு பலூன்களும் பறந்தன. 1951 முதல் 1956 வரை மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏவப்பட்ட பலூன்கள் முப்பது கோடிக்கும் மேற்பட்ட துண்டறிக்கைகளைக் கிழக்கே கொண்டுசென்று கொட்டின. வயல்களில் விழுந்த காகிதங்களைப் பொறுக்குவதற்கே காவலர்கள் அனுப்பப்பட்டார்கள்.

இவ்வானொலி வெறும் வசை பாடவில்லை என்பதே அதன் பலம். 1953 டிசம்பரில் போலந்தின் ரகசியப் போலீஸ் அதிகாரி யூசெஃப் ஷ்வியாட்வோ பெர்லினில் மேற்குப் பக்கம் தப்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் அவர் வானொலியில் பேசத் தொடங்கினார். சித்திரவதைகள், பொய் வழக்குகள், தலைவர்களின் ஆடம்பர மாளிகைகள் என்று உள்ளிருந்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் வெளிவந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் போலந்தின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் கலைக்கப்பட்டது. 1956 பிப்ரவரியில் ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றிக் குருஷ்சேவ் ஆற்றிய ரகசிய உரை சி.ஐ.ஏ.வின் கைக்குக் கிடைத்தபோது, அதை அப்படியே உலகுக்குச் சொல்வதே போதுமானதாக இருந்தது. ஜூன் தொடக்கத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை வெளியிட்டது. வானொலி கிழக்குக்கு அதை ஒலிபரப்பியது. அதே மாத இறுதியில் போலந்தின் போஸ்னான் நகரில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அயல்நாட்டு வானொலியைக் கேட்கவிடாமல் இரைச்சல் எழுப்பும் கருவிகளைக் கூரையிலிருந்து தூக்கி வீதியில் எறிந்தார்கள். கேட்கும் உரிமைக்கு மக்கள் எவ்வளவு ஏங்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கையிருப்புதான் அக்டோபரில் செலவழிக்கப்பட்டது.

ஹங்கேரியின் எழுச்சியை இலக்கியவாதிகளின் எழுச்சி என்றே சொல்லலாம். தேசியக் கவிஞன் பெட்டோஃபியின் பெயரைத் தாங்கிய விவாத வட்டத்தில்தான் அந்த ஆண்டு முழுவதும் அதிருப்தி உருத்திரண்டது. எழுத்தாளர் சங்கத்தின் வார இதழ் வாங்கக் கிடைக்காத அளவுக்கு விற்றது. 1956 அக்டோபர் 23 அன்று மாணவர்கள் பெட்டோஃபியின் சிலைக்கடியில் கூடினார்கள். தங்களுடைய 16 கோரிக்கைகளை வானொலியில் வாசிக்கவேண்டும் என்று மாலையில் வானொலி நிலையத்தை முற்றுகையிட்டார்கள். ரகசியப் போலீஸ் சுட்டது. ஒரு நாட்டின் புரட்சி, தன் குரல் தன் வானொலியில் ஒலிக்கவேண்டும் என்ற கோரிக்கையில் வெடித்தது. ஒரு வாரம் கழித்து அக்டோபர் 30 அன்று அந்த அரசு வானொலியே, இத்தனை ஆண்டுகளாக இரவும் பகலும் எல்லா அலைவரிசைகளிலும் பொய் சொன்னோம் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டது. அந்த அறிவிப்பை எழுதியவர் பின்னாளில் குறுங்கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளர் இஸ்த்வான் ஒர்கேனி.

உள்ளூர் வானொலி உண்மைக்குத் திரும்பிய அதே நாட்களில் மியூனிக் வானொலி தடம் புரண்டது. மாற்றத்தை வழிநடத்த முயன்ற பிரதமர் இம்ரே நாகியை, அவரும் கம்யூனிஸ்ட்தான் என்று அதன் ஹங்கேரியப் பிரிவு தொடர்ந்து தாக்கியது. 'கர்னல் பெல்' என்ற புனைபெயரில் பேசிய விமர்சகர் கொரில்லாப் போர் நுணுக்கங்களைப் பற்றி ஆலோசனை தந்தார். நவம்பர் 4, ஞாயிறு விடியற்காலை, சோவியத் டாங்கிகள் முழு அளவில் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. அன்றைய பத்திரிகைக் கண்ணோட்ட நிகழ்ச்சியில், இன்னும் மூன்று நான்கு நாட்கள் ஹங்கேரியர்கள் தாக்குப்பிடித்தால் அமெரிக்கா படையுதவி அனுப்ப வேண்டிய நெருக்கடி தடுக்கமுடியாததாகிவிடும் என்ற கருத்து லண்டன் இதழ் ஒன்றை மேற்கோள் காட்டிச் சொல்லப்பட்டது. செவ்வாய்க்கிழமை அமெரிக்கத் தேர்தல் என்பதும் நினைவூட்டப்பட்டது.

அப்படி ஓர் உதவி திட்டத்திலேயே இல்லை. இந்த நாடுகளைத் தாங்கள் ராணுவக் கூட்டாளிகளாகக் கருதவில்லை என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ் அக்டோபர் 27 அன்றே மேடையில் பேசியிருந்தார். அது மாஸ்கோவுக்குச் சொல்லப்பட்ட சமிக்ஞை. மாஸ்கோவுக்கு ஒரு செய்தி, புடாபெஸ்டின் தெருவில் பெட்ரோல் குண்டோடு நின்ற பதினெட்டு வயதுத் தொழிலாளிக்கு வேறொரு செய்தி. அதே வாரத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிக்கொண்டிருந்தன. நவம்பர் 4 காலை, ஹங்கேரிய வானொலி மௌனமாவதற்கு முன், நாடகாசிரியர் கியூலா ஹாய் எழுத்தாளர் சங்கத்தின் பெயரால் உலக எழுத்தாளர்களிடம் உதவி கேட்டு இறுதி வேண்டுகோள் விடுத்தார். பதில் வரவில்லை. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். இரண்டு லட்சம் பேர் எல்லை கடந்து அகதிகளானார்கள். ஹாய்க்கு ஆறு ஆண்டும், நாவலாசிரியர் டிபோர் டேரிக்கு ஒன்பது ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இம்ரே நாகி 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மியூனிக்கில் பின்னர் விசாரணைகள் நடந்தன. படை வரும் என்று நேரடியாக வாக்குறுதி தந்த நிகழ்ச்சி எதுவும் இல்லை, விதி மீறல்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே என்பது வானொலி நிர்வாகத்தின் உள் ஆய்வு கண்ட முடிவு. எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். ஆனால் இரைச்சலுக்கிடையே காதைப் பெட்டியில் வைத்துக் கேட்பவர் சொற்களைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆறு ஆண்டுகளாக உண்மை சொல்லிவந்த குரல் என்பதால்தான் அந்தக் கடைசிக் குரலும் நம்பப்பட்டது. உதவி வரும் என்று நம்பியிருந்ததாக அகதிகளில் பலர் விசாரித்தவர்களிடம் சொன்னார்கள்.

எழுதியவர்: பெரதெல்கினோ, 1958

ஹங்கேரியில் கிடைத்த பாடம் மேற்கின் அதிகாரிகளைச் சற்று நிதானப்படுத்தியது எனலாம். கிளர்ச்சியைத் தூண்டும் குரலைவிட, நிதானமாகப் படிக்கப்படும் புத்தகம் மேலானது என்ற எண்ணம் வலுப்பெற்றது. அப்போது அவர்கள் கையில் வந்து சேர்ந்தது 'டாக்டர் ஷிவாகோ'.

போரிஸ் பாஸ்டர்நாக் அந்நாவலை 1955இல் முடித்தார். 'நோவி மிர்' இதழ் அதை வெளியிட மறுத்தது. 1956 மே மாதம், மாஸ்கோவை அடுத்த பெரதெல்கினோவில் தன்னைப் பார்க்க வந்த செர்ஜியோ டி ஆஞ்செலோ என்ற இத்தாலியரிடம் அவர் கைப்பிரதியைக் கொடுத்தார். தன் மரண தண்டனையைக் காண இப்போதே அழைத்துவிட்டதாக அப்போது வேடிக்கையாகச் சொன்னார் என்பர். டி ஆஞ்செலோ இத்தாலியக் கம்யூனிஸ்ட். மிலான் நகரில் நாவலை வெளியிட்ட ஃபெல்ட்ரினெல்லியும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கட்சியின் நெருக்குதலையும் மீறி 1957 நவம்பரில் இத்தாலிய மொழிபெயர்ப்பை அவர் வெளியிட்டார். உளவுத்துறையின் கைபடாமல், எழுத்தாளருடைய துணிவும் பதிப்பாளருடைய துணிவும் சேர்ந்து இதுவரை கொண்டுவந்தன என்பதை மறந்துவிடக்கூடாது.

1958 தொடக்கத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறை வழியாக ரஷ்ய மூலத்தின் படச்சுருள் சி.ஐ.ஏ.வுக்குக் கிடைத்தது. 2014இல் வெளியிடப்பட்ட அவர்களுடைய ஆவணங்கள் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கின்றன. உயிரோடிருக்கும் மிகச் சிறந்த ரஷ்ய எழுத்தாளரின் படைப்பு, அவருடைய நாட்டில் அவருடைய மொழியில் கிடைக்கவில்லையே, ஏன் என்று சோவியத் குடிமக்களை யோசிக்கவைக்க இது நல்ல வாய்ப்பு என்றது ஓர் அலுவலகக் குறிப்பு. அமெரிக்காவின் கை தெரியக்கூடாது என்பது வழக்கம்போல நிபந்தனை. ஹாலந்தின் ஹேக் நகரில் ரஷ்ய மொழியில் நாவல் அச்சிடப்பட்டது. நீலத் துணி அட்டையிட்ட 365 பிரதிகள் அந்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றன. அமெரிக்க அரங்கில் வைத்துக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்பதால் வத்திக்கான் அரங்கில் வைத்து சோவியத் பயணிகளுக்கு வழங்கப்பட்டன. வாங்கியவர்கள் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, பக்கங்களைப் பிரித்துச் சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு, பைக்குள் அடங்கும் சிற்றளவுப் பதிப்பு ஒன்று, இல்லாத ஒரு பிரெஞ்சுப் பதிப்பகத்தின் பெயரில் அச்சாகி, வியன்னாவில் நடந்த உலக இளைஞர் விழாவில் வினியோகிக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி எழுவது இயல்பு. தடுக்கப்பட்ட நாவல் தன் வாசகனிடம் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு செயலில் ஆயுதமும் அன்பளிப்பும் ஒன்றே. ஆனால் எழுத்தாளரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு தெரிகிறது. ஹேக் பதிப்பு அவரைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல. அது பிழைகள் மலிந்தது, தன் பிரதியே அல்ல என்று சொல்லுமளவுக்கு மாறியிருக்கிறது என்று அவர் கடிதத்தில் வருந்தினார். 1958 அக்டோபர் 23 அன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தத் தேர்வில் உளவுத்துறையின் கை இருந்ததற்குச் சான்று இல்லை; போர் முடிந்த காலத்திலிருந்தே கவிஞராக அவருடைய பெயர் பலமுறை முன்மொழியப்பட்டிருந்தது. ஆனால் மாஸ்கோ அதைப் பகைவரின் சதி என்றே எடுத்துக்கொண்டது. நான்கே நாட்களில் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். 29ஆம் தேதி பரிசை மறுத்துத் தந்தி அனுப்பினார். நாடுகடத்தல் பற்றிய பேச்சு எழுந்தது. இங்கே, ஆளும் கருத்துக்கு மாறான கருத்தைச் சொன்னாலும் ஒரு பெரும் எழுத்தாளர் மதிக்கப்படவேண்டும் என்ற பொருளில் நேரு பத்திரிகையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

பாஸ்டர்நாக் 1960 மே 30 அன்று இறந்தார். இறுதிச் சடங்கு பற்றிய தகவலைச் சோவியத் நாளிதழ்கள் வெளியிடவில்லை. மாஸ்கோவின் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் இடத்தருகே கையால் எழுதி ஒட்டப்பட்ட காகிதங்களைப் படித்து ஆயிரக்கணக்கானோர் பெரதெல்கினோவுக்கு வந்தார்கள். எந்த வல்லரசும் அச்சிடாத அந்தக் காகிதங்களையே இந்த வரலாற்றின் மிகத் தூய செய்தித்தாள் என்று சொல்லத் தோன்றுகிறது. சில வாரங்களில், ஆகஸ்ட் மாதம், அவருடைய தோழி ஓல்கா இவின்ஸ்காயா கைது செய்யப்பட்டார். வெளிநாட்டு உரிமைத் தொகை சட்டவிரோதமாக வந்தது என்பது குற்றச்சாட்டு. எட்டு ஆண்டுகள் தண்டனை. அவருடைய மகளுக்கு மூன்று ஆண்டுகள். ஷிவாகோவின் லாராவுக்கு முன்மாதிரி என்று கருதப்படும் அந்தப் பெண் ஏற்கெனவே ஸ்டாலின் காலத்தில் முகாமில் இருந்து வந்தவர். வாஷிங்டன் அலுவலகக் குறிப்புகளில் நாவலின் பிரச்சார மதிப்பு கணக்கிடப்பட்டிருந்தது. அவருடைய எட்டு ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் இல்லை. தண்டித்தது மாஸ்கோதான், அந்தப் பழி வேறு யாரையும் சேராது. ஆனால் தண்டனை யார் மீது விழும் என்பது தெரிந்தே ஆடப்பட்ட ஆட்டம் அது.

வாசித்தவர்கள்: லண்டன், பம்பாய், தில்லி

மூன்றாவது கதையில் ரத்தம் இல்லை. ஆனால் சிற்றிதழ்களோடு வாழ்பவர்களுக்கு இதுவே மிக அருகிலுள்ள கதை.

1950 ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில் கலாசாரச் சுதந்திரப் பேரவை கூடியது. முந்தைய நாள்தான் கொரியாவில் போர் வெடித்திருந்தது. ஆர்தர் கோஸ்லர் போன்ற முன்னாள் கம்யூனிஸ்டுகள் அதன் முன்னணியில் இருந்தார்கள். பிறகு பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு அது உலகெங்கும் கிளை பரப்பியது. 1953 அக்டோபரில் லண்டனிலிருந்து 'என்கவுன்டர்' மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. இன்று தமிழ் நாளிதழ்களில் இச்சொல்லுக்கு வேறு பொருள். அன்று அது சிந்தனைகளின் சந்திப்பைக் குறித்தது. கவிஞர் ஸ்டீஃபன் ஸ்பெண்டரும் இர்விங் கிறிஸ்டலும் ஆசிரியர்கள். ஆங்கில உலகின் மிகச் சிறந்த பேனாக்கள் அதில் எழுதின. ஃபார்ஸ்டரின் இந்திய நாவலைக் கடுமையாக விமர்சித்து நிரத் சௌத்ரி எழுதிய கட்டுரை 1954இல் இவ்விதழில்தான் வந்தது. இந்தியாவிலும் பேரவையின் கிளை அமைந்தது. பம்பாயிலிருந்து 'க்வெஸ்ட்' இதழ் 1955இல் தொடங்கியது. முதல் ஆசிரியர் கவிஞர் நிசிம் இசக்கியேல். மினு மஸானி இவ்வமைப்பின் முக்கியத் தூண். ஜெயப்பிரகாஷ் நாராயண் பேரவையின் கௌரவத் தலைவர்களுள் ஒருவராக இருந்தார். ஹங்கேரி விஷயத்தில் நேருவின் தயக்கத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்தது யாருடைய பணத்துக்காகவும் அல்ல. அது அவருடைய மனசாட்சி.

பேரவையின் நிர்வாக இயக்குநர் மைக்கேல் ஜோசல்சன் சி.ஐ.ஏ. அதிகாரி என்பதும், புரவலராகக் காட்டப்பட்ட அறக்கட்டளை ஒரு முகமூடி என்பதும் பெரும்பாலான எழுத்தாளர்களுக்குத் தெரியாது. 1966 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' லேசாகத் திரையை விலக்கியது. 1967இல் 'ராம்பார்ட்ஸ்' இதழின் அம்பலப்படுத்தல்களைத் தொடர்ந்து எல்லாம் வெளியே வந்தது. அந்த மே மாதம் முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி தாமஸ் பிரேடன், தங்கள் ஆள் ஒருவர் 'என்கவுன்டர்' ஆசிரியராகவே இருந்தார் என்று பெருமையோடு எழுதினார். ஸ்பெண்டரும் ஃபிராங்க் கெர்மோடும் பதவி விலகினார்கள்.

எங்கள் கட்டுரையில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றச் சொன்னதில்லை என்று பலர் வாதிட்டார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் 1958இல் அமெரிக்க வாழ்க்கையைக் கசப்போடு விமர்சித்து ட்வைட் மெக்டொனால்ட் எழுதிய கட்டுரையை 'என்கவுன்டர்' திருப்பி அனுப்பியது. சோவியத் நாட்டில் தணிக்கையாளருக்குப் பெயரும் முத்திரையும் உண்டு. அவரை வெறுக்க முடியும். இங்கே தணிக்கையாளர் இருப்பதே தெரியாது. வெளிவந்த நூறு நல்ல கட்டுரைகள் வாசகன் கையில் இருந்தன. வெளிவராத ஒன்றைப் பற்றி அவனுக்கு யார் சொல்வது?

இதன் விளைவு விசித்திரமானது. அந்த இதழ்களில் சோவியத் முகாம்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் உண்மை. பின்னாளில் சோவியத் ஆவணங்களே உறுதி செய்த உண்மை. ஆனால் 1967க்குப் பிறகு அவற்றைப் படிக்க விரும்பாதவர்களுக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. சி.ஐ.ஏ. பணம் என்ற ஒற்றைச் சொல்லில் அத்தனையையும் ஒதுக்க முடிந்தது. முகாம்களில் செத்தவர்களுக்காகச் சாட்சி சொல்லவந்தவர்களின் வாயை, அவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்த கையே அடைத்தது. முதல் பக்கத்தில் புரவலர் பெயரை உள்ளபடி அச்சிட்டிருந்தால் வாசகர் குறைந்திருப்பார்கள். ஆனால் எஞ்சியவர்களின் நம்பிக்கை உடைந்திருக்காது.

சோவியத் தரப்பில் நடந்தது இதைவிடக் கரியது. 1983 ஜூலையில் தில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் பெயரில்லாத அமெரிக்க விஞ்ஞானி ஒருவரின் கடிதம் என்று ஒன்று வெளியானது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் உருவாக்கியது என்றது அது. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் இலக்கிய வார இதழான 'லிதெராதுர்னயா கஸெத்தா' அந்த இந்தியச் செய்தியை ஆதாரமாகக் காட்டி மறுபடி எழுதியது. ஒரு மூன்றாம் நாட்டுப் பத்திரிகையில் விதையை ஊன்றி, அதைச் சுட்டிக்காட்டித் தானே மேற்கோள் தருவது கே.ஜி.பி.யின் பழகிய முறை. 1987க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பரவிவிட்டது. 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் ப்ரிமாகோவ் தங்கள் பங்கை ஒப்புக்கொண்டார். சோவியத் ஒன்றியம் மறைந்தது. அது விதைத்த வதந்தி மறையவில்லை. இங்கே செலவழிந்தது ஓர் இலக்கிய இதழ் என்ற பெயரின் மதிப்பும், இந்திய நாளிதழ் ஒன்றின் மீது வாசகர் வைத்த நம்பிக்கையும்.

நம் அலமாரிகள்

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் அந்நியமானதல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ் நூல்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக எளியவரும் வாங்கக்கூடிய விலையில் வந்து நம் வீடுகளில் நிறைந்தன. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' ஆகியவற்றை ரா. கிருஷ்ணையாவின் தமிழில் படித்து இலக்கியத்துக்குள் வந்தவர்கள் பலர். மறுபுறம் அமெரிக்கத் தகவல் நிலையத்தின் நூலகமும், அதன் ஆதரவில் வெளிவந்த மலிவு விலை மொழிபெயர்ப்புகளும் இருந்தன. இரண்டும் மக்கள் ராஜதந்திரமே. அந்தச் சோவியத் நூல்களில் மாஸ்கோ என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது, கை மறைக்கப்படவில்லை. ஆனால் அந்த அலமாரியில் 'டாக்டர் ஷிவாகோ' இல்லை. 1988 வரை அது மாஸ்கோவிலேயே இல்லை. திறந்த கைக்கும் மூடிய விரல்கள் உண்டு.

இதிலிருந்து எல்லாமே பிரச்சாரம், எதையும் நம்பாதே என்ற முடிவுக்கு வருவது எளிது. அது தவறான முடிவு என்றே படுகிறது. எதையும் நம்பாத வாசகன் உளவியல் போரில் தோற்கடிக்கப்பட்ட வாசகன். எய்ட்ஸ் வதந்தியைப் பரப்பியவர்களின் நோக்கமும் அதுதான். டால்ஸ்டாய் கிரெம்ளினின் சொத்தல்ல. பாஸ்டர்நாக் சி.ஐ.ஏ.வின் சொத்தல்ல. அனுப்பியவரின் நோக்கம் எதுவாயினும், வாசகன் கையில் வந்த பிறகு நூல் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. அனுப்பியவரின் நோக்கங்கள் இன்று ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன, நூல்கள் வாசிக்கப்படுகின்றன.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, இதற்குப் பணம் கொடுத்தது யார் என்பதோடு நின்றுவிடக்கூடாது. இந்தச் சொல் பொய்த்தால் இழப்பு யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். கியூலா ஹாய் நவம்பர் 4 அன்று டாங்கிகள் சூழ்ந்த நகரத்திலிருந்து பேசினார்; தன் சொல்லுக்குத் தானே பிணையாக நின்றார். தாக்குப்பிடியுங்கள் என்ற குரல் மியூனிக்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மொழி. ஒரே நாளில் ஒரே பெட்டியில் கேட்டவை. 1989 ஜூன் 16 அன்று, தூக்கிலிடப்பட்டு முப்பத்தோராண்டுகள் கழித்து, இம்ரே நாகியின் உடல் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் மறு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய சவப்பெட்டிக்கு அருகே காலியான ஒரு பெட்டியும் வைக்கப்பட்டிருந்தது. எழுச்சியில் இறந்த பெயர் தெரியாதவர்களுக்காக அது வைக்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் கடைசியாக வானொலி கேட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கினார்கள் என்பதை எந்த ஆவணக் காப்பகமும் சொல்லப்போவதில்லை.